உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமே அழைக்கப்படுவார்கள்

மூக்குக் கண்ணாடிக் கடையில் பிரேமுக்கு லென்ஸ் பொருத்தும் வேலை செய்து வந்தவருக்கு ஒன்றரை வருடமாக ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் செய்வதையெல்லாம் அது பக்கத்திலிருந்து சொல்லும். "இப்ப ஸ்க்ரூவை எடுக்கறான். இப்ப கீழ போடுவான் பாருங்க" என்னும். அவரும் போட்டுவிடுவார். யாரிடம் அது "பாருங்க" என்கிறது என்பதுதான் அவருக்குப் பெரிய பயம். கடைசியில் ஒரு நாள் காலை, கடையில் காட்சிக்கு வைத்திருந்த எழுபது கண்ணாடிகளையும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார். கடை முதலாளி கண்ணாடிக்காரரின் மனைவிக்கு போன் செய்தார். பஸ் கண்டக்டரான அந்த அம்மாள், தன் வண்டியைப் பாதி வழியில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்து, அவரை மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்.

மருத்துவமனையைக் குறை சொல்ல முடியாது. மாத்திரை கொடுத்தார்கள். இருபத்திரண்டாம் நாள் குரல் நின்றது. பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது நின்றது. யாரும் எதுவும் சொல்லாமல் ஒரு மனிதன் பல் தேய்க்க முடியும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. வாயில் நுரையோடு வெளியே வந்து, "நின்னுடுச்சு" என்றார். மனைவி குழாயைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்கடுத்த வாரம் கால் ஆரம்பித்தது.

வலி என்று சொல்ல முடியாது. அரிப்பும் இல்லை, மரத்துப்போகவும் இல்லை. உட்கார்ந்த அரை நிமிடத்தில் இரண்டு கால்களும் எங்கேயோ போயாக வேண்டும் என்று துடிக்கும். எழுந்து நடந்தால் கொஞ்சம் தணியும். நின்றால் மறுபடி. கடையில் ஸ்டூலில் உட்கார முடியாமல், ஒரு கையில் பிரேமும் மறு கையில் ஸ்க்ரூடிரைவருமாக நடந்துகொண்டே லென்ஸ் பொருத்தினார். ஊசி முனை அளவு ஸ்க்ரூவை நடந்துகொண்டே பொருத்தியவர் அந்தத் தொழிலில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பொருத்தியவை அனைத்தும் கோணலாக இருந்தன.

வீட்டில் வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒன்பது எட்டு வைக்கும் தூரம். நடந்துகொண்டே சாப்பிட்டார். மூன்றாம் நாள் மனைவி தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"என்னங்க பண்ணுது?"

"தெரியல. உள்ளேருந்து யாரோ விரட்டற மாதிரி இருக்கு."

சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் வெளுத்தது. குரல் போகவில்லையோ, வாயை மூடிக்கொண்டு காலுக்கு இறங்கிவிட்டதோ என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. அன்று முதல் காலைப் பார்க்கவே பயந்தார்.

மருத்துவமனையில் அந்தச் சமயம் தர ஆய்வுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒரு குழு வந்து, நோயாளிகள் எவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள் என்று அளந்து மதிப்பெண் போடும். அதற்காக வரவேற்புக் கூடத்தில் நாற்பது நீல நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார்கள். அவற்றுக்கு மேலே ஒரு பலகை: "உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமே அழைக்கப்படுவார்கள்." பலகைக்குக் கீழே, சட்டையில் 'அமைதி அலுவலர்' என்று பட்டை குத்திய ஒருவர் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தார். அவருக்கு மட்டும் நாற்காலி இல்லை.

கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார், எழுந்தார், சுவர் வரை போய் வந்தார், உட்கார்ந்தார். அமைதி அலுவலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார்.

"என்ன சார் எழுதறீங்க?" என்று மனைவி கேட்டார்.

அலுவலர் அட்டையைத் திருப்பிப் பெருமையோடு காட்டினார். எழுந்தது, நடந்தது, எழ நினைத்தது என்று மூன்று கட்டங்கள் இருந்தன.

"எழ நினைச்சது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"முழங்காலைப் பார்த்தா தெரிஞ்சுடும்மா. எட்டு மாச டிரெயினிங். பத்துக் கோடு வந்தா அமைதியின்மைன்னு அர்த்தம். டோஸைக் கூட்டணும்னு நாங்களே குறிச்சு உள்ள அனுப்பிடுவோம். டாக்டர் பாக்கறதுக்குள்ள பாதி வேலையை முடிச்சுக் குடுத்துடறோம்."

"மீதிப் பாதி?"

"கையெழுத்து."

கண்ணாடிக்காரருக்குப் பதினேழு கோடு விழுந்திருந்தது. டாக்டர் அட்டையைப் பார்த்தார். அட்டை தெளிவாக இருந்ததால் கண்ணாடிக்காரரைப் பார்க்கும் தேவை ஏற்படவில்லை.

"கால், டாக்டர்..." என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர்.

"காலுக்கு எலும்பு டாக்டர் வியாழக்கிழமை வருவார்," என்று சொல்லி, மாத்திரையை ஒன்றரை மடங்காக்கிக் கையெழுத்துப் போட்டார்.

"நான் பத்தொன்பது வருஷமா நின்னுக்கிட்டேதான் வேலை பாக்கறேன். எனக்கு யாரும் டோஸ் கூட்டினதில்லையே," என்றார் மனைவி. டாக்டர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு மணியை அடித்தார். அடுத்தவர் உள்ளே வந்தார்.

கூடுதல் மாத்திரை கூடுதலாக வேலை செய்தது. முன்பு நடந்தால் தணிந்தது, இப்போது நடந்தாலும் தணியவில்லை. பகலெல்லாம் தெருவைச் சுற்றினார். எதிர் வீட்டுக்காரர், "இந்த வயசுல இப்படி ஒரு கட்டுப்பாடு யாருக்குங்க வரும்" என்று பாராட்டினார். கடை முதலாளி ஒரு மாதம் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதுமே கண்ணாடிக்காரருக்குக் கால் உதறியது.

ஒரு பிற்பகல், குடியிருப்பின் மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தக் கால்களை நிறுத்த வேறு வழியே கிடையாதா என்ற யோசனை வந்தது. அந்த யோசனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று புரிந்ததும் கைப்பிடியை விட்டுவிட்டு, படிகளை எண்ணிக்கொண்டே இறங்கி, பஸ் டிப்போவுக்குப் போய், டிக்கெட் மெஷினைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் அதை அப்படியே சொன்னார். மனைவி மெஷினைக் கீழே வைத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. டிப்போவைச் சுற்றி இரண்டு பேரும் கையைக் கோத்தபடி ஆறு சுற்று நடந்தார்கள்.

"மாத்திரையை நிறுத்திடட்டுமா?" என்றார் அவர்.

"நிறுத்தினா?"

குரல் வந்துவிடும். எழுபது கண்ணாடிகளும் திரும்பிப் பார்க்கும். அது இதைவிடப் பெரிய பயமா சின்னப் பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

"நிறுத்த வேணாம். நாளைக்கு லீவு போடறேன். யார்கிட்டயாவது சொல்லித்தான் ஆகணும்," என்றார் மனைவி.

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் பக்க விளைவுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. கதவு ஒரு தள்ளலில் திறக்கவில்லை. உள்ளே ஓர் அதிகாரி இருந்தார். அவர் முன்னால் தோல் அட்டை போட்ட பதிவேடு ஒன்று இருந்தது. ஆள் வந்ததில் அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. இருவரையும் உட்காரச் சொன்னார். ஒருவர் உட்கார்ந்தார், ஒருவர் நடந்தார்.

"எட்டு வருஷமா இந்தப் பதிவேட்டுல ஒரு வரி கூட ஏறினதில்ல," என்றார் அதிகாரி. "திறந்தா பைண்டிங் இன்னும் மொறுக்குன்னு சத்தம் போடும், பாருங்க." திறந்து காட்டினார். போட்டது. "பக்க விளைவே இல்லாத ஆஸ்பத்திரின்னு ரெண்டு தடவை கேடயம் வாங்கியிருக்கோம்."

"இவருக்கு இருக்குங்க," என்றார் மனைவி.

"இருக்கலாம்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா சொல்றவர் தெளிவான மனநிலையில இருக்கார்னு ஒரு சான்று வேணும். இல்லன்னா இது நோயோட பேச்சா, நோயாளியோட பேச்சான்னு நான் எப்படிப் பிரிக்கறது?"

"சான்று யார் தருவாங்க?"

"நான்தான். இருபது நிமிஷம் இந்த நாற்காலியில அசையாம உக்காந்திருந்தா போதும்."

"உக்கார முடியலன்னுதானே வந்திருக்கோம்."

அதிகாரி வருத்தப்பட்டார். நல்ல மனிதர். "உங்க சங்கடம் எனக்குப் புரியுது. இருபது நிமிஷம் உக்காந்துட்டார்னு வைங்க, அப்ப பக்க விளைவு இல்ல. உக்காரலைன்னா மனநிலை சரியில்ல. ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் எழுத முடியாது. விதியை நான் போடல. எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டார். அவர் இப்ப இயக்குநர்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு யோசனை சொல்றேன். ரொம்ப நடந்தா உள்நோயாளியா சேர்த்துடுவாங்க. அங்க பெல்ட் வெச்ச நாற்காலி இருக்கு. அதுல எல்லாரும் உக்காந்துடறாங்க."

கண்ணாடிக்காரர் அதைக் கேட்டபடி ஜன்னல் வரை போயிருந்தார். திரும்பி வரவே தைரியம் வரவில்லை. பெல்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட தன் கால்களை நினைத்துப் பார்த்தார்.

கீழே வந்து கட்டடத்தின் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனார், நடப்பதற்குத்தான். அங்கே ஏற்கெனவே பத்துப் பதினோரு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக, சுவர் வரை போய் வந்துகொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. அவர்கள்தான் அதில் நடந்துகொண்டிருந்தார்கள். கீழே, "நோயாளிகள் உடல்நலத்தில் ஆர்வம் கொண்டு தாமாகவே தொடங்கிய நடைக்குழு" என்று எழுதியிருந்தது.

நடுத்தர வயது அம்மாள் ஒருவர் அவருக்கு இணையாக வந்தார். பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் என்று பிறகு தெரிந்தது.

"எத்தனை நாளா?" என்றார் கணக்கு டீச்சர்.

"நாப்பது நாள் ஆச்சுங்க."

"எனக்கு ஒரு வருஷம். முதல்ல பேய் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். இது மாத்திரையால வர்றது. இதுக்குன்னு ஒரு பேரே இருக்கு. என் தங்கச்சி புஸ்தகத்துல பார்த்துச் சொன்னா."

"பேர் இருக்கா?" என்றார் அவர். நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் அவர் மேல் மோதிக்கொண்டார். "அப்ப இது... வேற யாரும் உள்ள இல்லையே?"

"உள்ள நீங்க மட்டும்தான்," என்றார் டீச்சர். "இதுக்கு மருந்து இருக்காம். குடுக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. நான் சொன்னா பதட்டம்ன்னு எழுதிக்கறாங்க."

கண்ணாடிக்காரர் அழுதார். நடந்துகொண்டே அழுதார். டீச்சர் கைக்குட்டையை நீட்டிவிட்டுக் கூடவே நடந்தார்.

தர ஆய்வு நாள் வந்தது. நாற்பது நாற்காலிக்கும் நாற்பது நோயாளிகள் வேண்டும் என்பதால் வீட்டுக்கு வீடு போன் செய்து வரச் சொன்னார்கள். வராதவர்கள் ஒத்துழையாமைப் பட்டியலில் சேர்க்கப்படுவார்கள். கண்ணாடிக்காரரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர் தோற்றத்தில் ஒரு கண்ணியம் இருப்பதாக இயக்குநரே தேர்ந்தெடுத்தாராம். மனைவி நேராக வேலையிலிருந்து சீருடையோடு வந்து, துணைக்கு வந்தவர்கள் வரிசையில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

அமைதி அலுவலர் குனிந்து அவர் காதில் சொன்னார். "நாற்பது நிமிஷம் சார். எழுந்தீங்கன்னா இன்னிக்கே அட்மிஷன். கோபப்படாதீங்க, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

எதிரே மேஜையில் ஆய்வுக் குழுவினர் மூவர். இரண்டு பேர் தங்கள் ஸ்டாப் வாட்ச்சுகளை இயக்கினார்கள். மூன்றாவதாக இருந்த வயதான டாக்டரம்மா எதையும் இயக்கவில்லை. நாற்காலிகளின் கால்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் பேச எழுந்தார்.

"ஒரு காலத்துல மனநல ஆஸ்பத்திரின்னா கூச்சல், ஓட்டம். இன்னிக்குப் பாருங்க. நாற்பது பேர். ஒரு சத்தம் கிடையாது. இவங்கெல்லாம் குணமாயிட்டாங்களான்னு சிலர் கேக்கறாங்க. அது வேற கேள்வி, அதுக்கு வேற கமிட்டி போட்டிருக்கோம், அது இன்னும் கூடல. நாங்க அளக்கறது அமைதி."

ஐந்தாவது நிமிடம். கண்ணாடிக்காரர் ஒரு பாதத்தை மறு பாதத்தால் அழுத்திக்கொண்டார்.

"நோயாளியோட குரலுக்கு இங்க தனி மதிப்பு உண்டு. அதனாலதான் எட்டு வருஷத்துல அதை ஒரு தடவை கூட பதிவேட்டுல ஏத்தி வீணாக்கல. எங்களைப் பத்தி எந்த நோயாளிக்கும் புகார் இல்ல. புகார் சொல்றவங்க நோயாளியாவே இருக்காங்க, அதனால அதைப் புகார்னு எடுத்துக்க முடியாது."

பதினான்காவது நிமிடம். தொடைகளுக்குள் கொதித்தது. இரண்டு கைகளாலும் முழங்கால்களை அழுத்தினார். அமைதி அலுவலரின் பேனா 'எழ நினைத்தது' கட்டத்தில் வேகமாக ஓடியது. இதோ குரல் வரும், இப்ப எழுந்திருக்கப் போறான் பாருங்க என்று சொல்லும் என்று காத்திருந்தார். வரவில்லை. அதுகூட இல்லாமல் இவ்வளவு பயத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

"சில ஆஸ்பத்திரிகள்ல டாக்டர்கள் ஒவ்வொரு நோயாளியோடவும் கால் மணி நேரம் பேசறாங்களாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பேசப் பேச அவங்க எதையாவது சொல்லிடறாங்க."

இருபத்து மூன்றாவது நிமிடம். பின்னால் பார்க்காமலே, "முடியலம்மா," என்றார்.

மனைவி அவருடைய பிடரியைப் பார்த்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. ஒருத்தர் எழுந்தால் கோடு போடுவார்கள். அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. எழுந்து நின்று, பத்தொன்பது வருடமாக நெரிசலுக்கு மேலே கேட்கும்படி பழக்கிய குரலில் சொன்னார்:

"கடைசி நிறுத்தம். எல்லாரும் இறங்குங்க. சீட்ல எதையும் விட்டுட்டுப் போகாதீங்க."

கூடத்தில் இருந்த எல்லாரும் வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸில் போனவர்கள். முப்பத்தொன்பது பேர் எழுந்தார்கள். நாற்பதாமவரும் எழுந்தார். துணைக்கு வந்தவர்கள் பைகளைத் தேடினார்கள். ஆய்வுக் குழுவில் ஒருவர் எழுந்து கதவுப் பக்கம் நாலு எட்டு வைத்த பிறகுதான் தான் எங்கிருக்கிறோம் என்று உணர்ந்தார்.

இயக்குநர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவர் கண்கள் கலங்கின. நெஞ்சில் கை வைத்து, "உங்க அன்புக்கு நன்றி. உக்காருங்க, உக்காருங்க," என்றார். முப்பது வருடப் பணியில் அவர் பேச்சுக்கு இப்படிக் கூடமே எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை.

அந்தக் குழப்பத்தில் டாக்டரம்மா மேஜையைச் சுற்றிக்கொண்டு கண்ணாடிக்காரரிடம் வந்தார்.

"கால் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

இந்தக் கட்டடத்தில் டாக்டர் ஒருவர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. மனைவி சொன்னார். டாக்டரம்மா மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"நீங்களா நிறுத்திடலையே?"

"நிறுத்தத் தோணிச்சுங்க. பயமா இருந்தது. நிறுத்தினா குரல், நிறுத்தலைன்னா கால். நடுவுல எனக்கு நிக்க இடமில்ல."

"நிறுத்தாம இருந்தது நல்லது. இது உங்க நோய் இல்ல, மருந்து பண்றது. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, கூட ஒரு மாத்திரை போட்டா சரியாகும். ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். உயிரை விட்டுடலாம்னு ஏதாவது தோணிச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். மனைவி அவர் தோளில் கை வைத்தார்.

"ஒரு தடவை," என்றார்.

"அதை இவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேங்க."

"இனிமேலும் சொல்லணும்." எழுதிக் கொடுத்தார். மருத்துவமனை டாக்டரைக் கூப்பிட்டார். அவர் கோடு போட்ட அட்டையை நீட்டினார். "அது இருக்கட்டும். இவரைப் பாருங்க," என்றார் டாக்டரம்மா. டாக்டர் பார்த்தார். பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லாததால் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் டாக்டரம்மாவுக்குப் பின்னால் கணக்கு டீச்சர் வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தாழ்வாரத்தில் நடக்கிறவர்கள் வரிசையாக, வரிசையில் நின்றபடியே கால் மாற்றிக்கொண்டு. பதினொரு பேரையும் பார்த்து முடிக்கும்போது ஆய்வுக் குழுவின் மற்ற இருவரும் சாப்பிட்டு வந்துவிட்டிருந்தார்கள்.

மருத்துவமனைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. டாக்டரம்மா தனியாக எழுதிய நான்கு பக்கம் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது. பின்னிணைப்புகளுக்கென்று ஓர் அலமாரி இருந்தது. "இயக்குநரின் உரைக்கு நோயாளிகள் தாமாகவே எழுந்து நின்று மரியாதை செலுத்தினர்" என்பது அறிக்கையின் முதல் பக்கத்தில் வந்தது. அடுத்த மாதம் முதல் இயக்குநர் கூடத்துக்குள் வரும்போதெல்லாம் எல்லாரும் எழுந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அமைதி அலுவலரின் அட்டையில் நான்காவதாக ஒரு கட்டம் சேர்ந்தது: எழாதது.

கண்ணாடிக்காரருக்குப் பத்து நாள் போதவில்லை. பதினாறு நாள் ஆனது. முதலில் சாப்பிடும் நேரத்துக்கு உட்கார முடிந்தது. பிறகு கடை ஸ்டூலில் ஒரு பிரேம் முடியும் வரை. குறைக்கக் குறைக்க வேறு பயம் வந்தது. மருந்து குறைந்த இடத்தில் அது திரும்பி வந்துவிடுமோ என்று, அடிக்கடி வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். தெருச் சத்தம் கேட்கும். அது தெருச் சத்தம்தானா என்று இன்னொரு தடவை கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அவரை முடி வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். இரண்டரை மாதமாக முடி வெட்டும் நாற்காலியில் உட்கார முடியாததால் காதை மூடி வளர்ந்திருந்தது. முடி திருத்துகிறவர் துணியைக் கழுத்தில் கட்டி, "தலையை ஆட்டாதீங்க சார்," என்றார்.

ஆட்டவில்லை. கத்தரி காதருகே ஓடியது. துணிக்கு அடியில் பாதங்கள் பலகையின் மேல் இருந்த இடத்திலேயே இருந்தன. கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் தெளிவாகச் சொன்னது:

"இவன் இன்னும் எழுந்திருக்கல பாரு."

அவருக்குக் கண்ணாடியைப் பார்க்கத் துணிவில்லை. கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைய, "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

கத்தரி நின்றது.

"அதை ஏன் சார் கேக்கறீங்க. அடுத்த ஆள் பொண்டாட்டியோட போன்ல பேசிக்கிட்டிருக்கார். கல்யாணத்துக்குப் போகணுமாம், பறக்கறார். மரியாதை தெரியாத மனுஷன்," என்றார் முடி திருத்துகிறவர். "நீங்க உக்காருங்க. முடிஞ்சுது, பின்பக்கம் மட்டும்தான்."

கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்தார். பெஞ்சில் ஒரு மனிதர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவரை முறைத்துக்கொண்டிருந்தார். உண்மையான, வேட்டி மடிப்புக் கலையாத, கோபமான மனிதர்.

"அவசரமில்ல," என்றார் கண்ணாடிக்காரர். "ஷேவும் பண்ணிடுங்க."